மலாவிக்காரிக்கு வந்த நோய்

எதிர்வீட்டு மாவுக்காரி தனக்கு வந்த நோயை, கடலுக்கு அந்தப் பக்கம் மலாவி என்கிற நாட்டில் மீன் காய வைக்கிற ஒரு பெண்ணுக்கு வந்ததாகத்தான் சொன்னாள். அப்படி ஒரு பெண் கிடையாது. என் பேத்தி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உண்டாக்கியவள் அவள். இல்லாத அந்தப் பெண்ணை, இருக்கிற ஒரு டாக்டரிடம் கொண்டு போய் உட்கார வைப்பதற்குள் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

பேத்தி படித்த படிப்பு எனக்குச் சரியாக விளங்காது. நான் மூன்றாம் வகுப்பில் வாத்தியாரைக் கேலி செய்துவிட்டு வெளியே வந்தவள், திரும்ப உள்ளே போகவில்லை. எனக்குப் புரிந்த அளவில், ஆப்பிரிக்காவில் ஊர் ஊராகப் போய் அங்கே இருக்கிற பெண்களிடம் உடம்பு எப்படி இருக்கிறது, என்ன தொழில் செய்கிறாய், சம்பாதித்தது யார் கையில் நிற்கிறது என்று கேட்டு எழுதுவது அவள் வேலை.

"இத கேக்க அவ்ளோ தூரம் போவணுமா? பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுல சொம்மா நின்னா போதும், கேக்காமலே சொல்லுவாளுங்க" என்றேன்.

"நீ கேட்டுப் பாரு ஆயா. யாரும் சொல்ல மாட்டாங்க" என்றாள் பேத்தி.

அவள் மலாவிக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவளுடைய மேடம் ஒரு வேலை கொடுத்திருந்தார். அந்தக் கேள்விகளை முதலில் நம் ஊர்ப் பெண்களிடம் கேட்டுப் பழக வேண்டுமாம். எந்தக் கேள்வி குத்துகிறது, எந்தக் கேள்விக்கு வாய் மூடிக்கொள்கிறது என்று பார்க்க வேண்டுமாம். அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் வீட்டுக்குக் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் பாய் விரித்தாள். எங்களிடம் கார் கிடையாது. எங்கள் ஊர் பாரிவாக்கத்தில் எல்லோரும் விடுகிறார்களே என்று மேஸ்திரி விட்டு வைத்த இடம் அது. இதுவரை அங்கே வந்து நின்றது ஒரு நாயும் அதன் குட்டிகளும்தான்.

என்னைத் தவிர இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி மாவுக்காரி. வீட்டு முன்னறையில் இரண்டு கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறவள். அவள் நாலு வார்த்தை பேசினால் அதில் பாதி சண்டையாக இருக்கும். இன்னொருத்தி ஃபேக்டரியம்மா. தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. புருஷன் ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றதும், குவாட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மாவுக்காரிக்குப் பக்கத்து மனையில் வீடு கட்டி வந்தவள். இவள் வீட்டு வாஷிங் மெஷின் தண்ணீர் அவள் கடை வாசலில் போய் நிற்கும். அதனால் இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. எதையாவது சொல்லியாக வேண்டுமென்றால் நடுவில் என்னை நிற்க வைத்து என்னைத் திட்டுவார்கள்.

பேத்தி முதல் கேள்வியைக் கேட்டாள். உடம்புக்கு ஏதாவது தொந்தரவு உண்டா?

"எனுக்கு இன்னா. குண்டுக்கல்லு மாதிரி கீறேன்" என்றாள் மாவுக்காரி.

"நமக்கு ஒரு கொறையும் இல்லம்மா" என்றாள் ஃபேக்டரியம்மா.

முட்டி வலியில் மாடிப்படியை உட்கார்ந்தே இறங்கி வந்த நானும், "நல்லாதான் கீறேன்" என்றேன். பேத்தி என்னைப் பார்த்த பார்வையைப் பார்க்க வேண்டுமே.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ஆளுக்கொரு துண்டுக் காகிதம் எழுதிச் சுருட்டிக் குலுக்கிப் போட்டாள். அதில் இருக்கிற மலாவிப் பெண்ணாக நாங்கள் மாறிக்கொள்ள வேண்டும், பதிலை அவளாக இருந்து சொல்ல வேண்டும்.

எழுபதைத் தாண்டிய எனக்கு வந்தது, பத்தொன்பது வயசு, முதல் கர்ப்பம். மேலே போய் ஒரு தலையணையை எடுத்து வந்து சேலைக்குள் செருகிக்கொண்டேன். ஃபேக்டரியம்மாவுக்கு ஒரு மீனவனின் முதல் மனைவி. மாவுக்காரிக்கு நாற்பத்தெட்டு வயசு, ஆறு பிள்ளை, ஏரிக்கரையில் மீன் காய வைத்து விற்கிறவள், அதே மீனவனின் இரண்டாம் மனைவி.

பேத்தி படித்துக் காட்டியதும் மாவுக்காரி பாயில் நகர்ந்து என் பக்கம் வந்தாள்.

"யக்கா" என்றாள் மாவுக்காரி என்னிடம். "அந்தம்மா கூட ஒரே புருஷனா எனுக்கு? தண்ணி போற வழிய பங்கு போட முடில, புருஷன பங்கு போட்டுக்குவாளா அவ? வேற சீட்டு குடுக்க சொல்லு."

"எனக்கு மட்டும் ஆசையாக்கும்" என்றாள் ஃபேக்டரியம்மா, அதையும் என்னிடமே. "மூத்தவ நான். அவ எங்கிட்ட அனுமதி கேட்டாளான்னு கேளுங்கக்கா."

புருஷன் சீட்டு யாருக்கும் வரவில்லை. அதனால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் புருஷன் என்று நடுவில் போட்டேன். இரண்டு பேரும் அதைக் கொஞ்ச நேரம் முறைத்தார்கள். பிறகு ஃபேக்டரியம்மா, "எங்க வீட்டு ஆளு மாதிரியேதான் இருக்கு. கேட்டா பதில் சொல்லாது" என்றாள். மாவுக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது தெரியக்கூடாதென்று நாயைத் திட்டினாள்.

அப்புறம் அந்த ஊரைப் பற்றி விசாரணை நடந்தது. சிங்கம் வருமா என்று ஃபேக்டரியம்மா கேட்டாள்.

"ஆவடில புலி வருமா ஆன்ட்டி? அங்கயும் கரண்ட் போவுது, வருது. போன்லயே காசு அனுப்புறாங்க. மக்காச்சோள மாவுல களி கிண்டி, மீன் வெச்சு சாப்புடுறாங்க" என்றாள் பேத்தி.

"இன்னா மீனு?" என்றாள் மாவுக்காரி.

"நெத்திலி மாதிரி சின்ன மீன். பரண் கட்டி அது மேல காய வெப்பாங்க."

"களியும் நெத்திலி கருவாடுமா. அப்ப இருக்கலாம்" என்று சம்மணம் போட்டு மலாவியில் உட்கார்ந்தாள் மாவுக்காரி.

பேத்தி அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டாள். உடம்புக்கு ஏதாவது தொந்தரவு உண்டா?

மாவுக்காரி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்த மலாவிக்காரிக்கு மாசாமாசம் வர்றது நின்னு வருசக்கணக்கா ஆச்சு. இப்ப மறுபடியும் ரத்தம் படுது. ரெண்டு நாளு வரும், போவும். அப்பால திரும்பி வரும். பக்கெட்டு தூக்கசொல்ல அடிவயித்துல சுருக்குனு இழுக்குது."

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?" என்றாள் பேத்தி. அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"யாராண்ட சொல்றது? ஊட்டுக்காரு ஆட்டோ ஓட்டிட்டு நைட்டுதான் வர்றாரு."

நாற்காலி மீனவன். ஆட்டோ ஓட்டுவது மாவுக்காரியின் புருஷன். நான் தலையணையைச் சரி செய்வது போல நிமிர்ந்து ஃபேக்டரியம்மாவைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு எட்டாவது மாசம், ரொம்ப நேரம் குந்த முடியாது" என்று சொல்லிக் கூட்டத்தை நான் கலைத்தேன்.

மாடிக்கு வந்ததும் பேத்தி சமையலறைக் கதவைச் சாத்தினாள். "ஆயா, கேள்வி கேக்குறப்ப சொன்னத நான் வெளிய பேசக்கூடாது. அது எங்க தொழில் கட்டுப்பாடு. விளையாட்டுக்குச் சொல்லியிருந்தாலும் அதேதான்."

"நீ பேசாத. எனுக்கு ஒரு சந்தேகம். மலாவில ஒரு பொம்பளைக்கு அந்த மாதிரி வந்தா இன்னா பண்ணணும்?"

"உடனே டாக்டர பாக்கணும். பெரும்பாலும் சாதாரணமா இருக்கும். ஆனா புத்துநோயாவும் இருக்கலாம். தள்ளிப் போடவே கூடாது." சொல்லிவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

மறுநாள் மாவு வாங்குகிற சாக்கில் நான் எதிர்வீட்டுக்குப் போனேன். "உன் உடம்ப டாக்டராண்ட ஒரு தபா காட்டிடு" என்றேன்.

மாவுக்காரி கரண்டியை நிறுத்தவில்லை. "எதுக்கு?"

"நேத்து சொன்னியே."

"நானா சொன்னேன்? அந்த மலாவிக்காரி சொன்னா. யக்கா, உனுக்கு வயசாயிடுச்சு. நாடகம் எது நெசம் எதுன்னு தெரில. நீ கூடத்தான் வயித்துல தலகாணி வெச்சுகினு இருந்த. உன்ன பிரசவத்துக்கு சேக்கட்டா?"

அவளை வாயால் ஜெயித்தவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. மாவோடு வீடு திரும்பினேன். நேர் வழி அடைபட்டுவிட்டது. இனி மலாவி வழியாகத்தான் போக வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாவுக்காரி வர மாட்டாள் என்று பயந்தேன். வந்தாள். ஃபேக்டரியம்மாவுக்கு முன்னாலேயே வந்து நாற்காலியைத் துடைத்தாள். பேத்தியின் கேள்வி வரிசையில் அன்றைக்கு வந்தது இது: ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் உனக்கு எது தடை?

"மலாவில ஆஸ்பத்திரி ஏரிக்கு அந்தாண்ட கீது. படகு கெடைக்காது" என்றாள் மாவுக்காரி.

"படகுக்கு நான் சொல்லிட்டேன். காலைல வாசல்ல வந்து நிக்கும்" என்றேன்.

"நீ புள்ளத்தாச்சி. கம்முனு படு." பிறகு பேத்தியிடம் திரும்பினாள். "நான் பூட்டா மீன யாரு பாக்கறது? ஒரு நாளு கடைய மூடினா வாடிக்கக்காரன் அடுத்த தெரு மீனுக்கு பூடுவான். அப்பால வர மாட்டான்."

அந்த ஏரிக்கரையில் அடுத்த தெரு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஃபேக்டரியம்மா நாற்காலியைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். "ஏங்க, உங்க ரெண்டாம் பொண்டாட்டி ஆஸ்பத்திரிக்குப் போறதா இருந்தா, மூத்தவ நான் அந்த மீனப் பாத்துக்கிடுதேன். அவகிட்ட சொல்லுங்க."

மாவுக்காரியும் நாற்காலியிடமே பதில் சொன்னாள். "அவளா? எம் மீனையா? உப்பு எவ்ளோ போடணும்னு தெரியுமா அவளுக்கு?"

"தூத்துக்குடிக்காரிகிட்ட உப்பக் கேக்காளா? நல்லா இருக்கே கத."

"உளுந்து ஊறுற பக்குவம் தெரியுமா?"

"மீனுக்கு என்னத்துக்குட்டி உளுந்து?" என்றாள் ஃபேக்டரியம்மா.

நேராக அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். வாஷிங் மெஷின் வந்த பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அதுதான். மாவுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள்.

"வேற எதுனா தடை இருக்கா?" என்று பேத்தி மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல... போயி, அவங்க பாத்து, அதுதான்னு சொல்லிட்டா? இப்ப சொம்மா படுது, அவ்ளோதான். சொல்லிட்டா அப்பால அது நோயி" என்றாள் மாவுக்காரி.

பேத்தியின் பேனா நின்றுவிட்டது. ஆறுதல் சொல்லக்கூடாது என்பதும் அவர்கள் கட்டுப்பாட்டில் உண்டாம். எனக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. பாயில் நகர்ந்து போய் அவளை ஒட்டி உட்கார்ந்தேன்.

ஃபேக்டரியம்மாதான் பேசினாள். "எங்கப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லாம, எங்கம்மா இதோட மூணு வருசம் கெடந்தா. நாங்க கேட்டப்போ எல்லாம் நல்லா இருக்கேன்னுதான் சொன்னா. நீ போயிட்டு வாட்டி. என்னன்னு தெரிஞ்சிக்கிட்டு வந்து என்கூட சண்ட போடு."

மாவுக்காரி எழுந்து சேலையை உதறிக்கொண்டு, "படகு காலைல எத்தினி மணிக்கு?" என்றாள், என்னைப் பார்க்காமல்.

மறுநாள் காலையில் ஷேர் ஆட்டோக்காரனை வாசலில் நிற்க வைத்தேன். புருஷன் ஆட்டோ வேண்டாமென்று அவள்தான் சொல்லியிருந்தாள். ஃபேக்டரியம்மா வளையலைக் கழற்றிவிட்டு, முழங்கை வரைக்கும் கையைக் கழுவிக்கொண்டு வந்து கிரைண்டர் முன்னால் நின்றாள். ஒருத்தி பக்குவம் சொல்ல, இன்னொருத்தி தெரியும் தெரியும் என்று சொல்ல, ஆட்டோக்காரன் மூன்று தடவை ஹாரன் அடித்தான்.

பூந்தமல்லி போய்ச் சேர்கிற வரைக்கும் மாவுக்காரி பையில் இருந்த சில்லறையை எண்ணிக்கொண்டே வந்தாள். டாக்டரம்மாவின் இடத்தில் நிறைய கூட்டம். நர்ஸ் ஒரு சின்னப் பெண், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "பேஷண்ட் யாரு?" என்றாள். மாவுக்காரி என்னைக் காட்டினாள். நான் அவளைக் காட்டினேன்.

நர்ஸ் என் முகத்தைப் பார்த்து, அவள் முகத்தைப் பார்த்து, அவளையே பிடித்தாள். "வயசு?"

"நாப்பத்தெட்டு" என்றாள் மாவுக்காரி. அவளுக்கு ஐம்பத்தைந்துக்குக் குறையாது.

"எத்தன கொழந்தைங்க?"

"ஆறு."

"எல்லாம் நார்மல் டெலிவரியா?"

மாவுக்காரி என் பக்கம் சாய்ந்து, "அத உங்கூட்டு பாப்பா எழுதலியே" என்று முணுமுணுத்தாள்.

"அம்மா, ஆறு அங்க. இங்க ரெண்டுதான்" என்றேன் நர்ஸிடம்.

"எங்க?"

"மலாவில."

நர்ஸ் பேனாவை மூடிவிட்டாள். மூடிய பேனாவாலேயே உள்ளே போகும்படி காட்டினாள். நானும் கூட எழுந்தேன். மாவுக்காரி என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். பையையும் செருப்பையும் என் மடியில் போட்டுவிட்டுத் தனியாகப் போனாள். செருப்பை யாராவது மடியில் போடுவார்களா என்று கேட்கத் தோன்றியது. அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

வெகு நேரம் கழித்து வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். ஸ்கேன் எடுக்க வேண்டும், உள்ளே ஒரு சதை மாதிரி இருக்கிறது, அதை எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாராம்.

"யாருக்குன்னு கேட்டாங்களா?" என்றேன்.

"கேட்டாங்க. எனுக்குன்னு சொன்னேன்" என்று சொல்லி என் மடியிலிருந்து செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

சதையை எடுத்தார்கள். அதன் முடிவு வருகிற வரைக்கும் அவளைக் கனமாக எதையும் தூக்க விடவில்லை. கடையை ஃபேக்டரியம்மாதான் பார்த்தாள். தூத்துக்குடிக்காரிக்கு உப்பைப் பற்றித் தெரியும் என்பது உண்மை. எவ்வளவு போதும் என்பது மட்டும் தெரியவில்லை. தெருவே உப்புக் கரிக்கிற இட்லியைத் தின்றது. ஒரு ஆள்கூடக் குறை சொல்லவில்லை. என் மகன் மட்டும் ஒரு நாள் காலையில், "ஏம்மா, மாவு..." என்று ஆரம்பித்தான். "தண்ணி குடிச்சுகினு துன்னு" என்றேன்.

இதற்கு நடுவில் பேத்தி மலாவிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். போனில் முகம் தெரியப் பேசினாள். பின்னால் மீன் பரண் தெரிந்தது. நிஜமாகவே நெத்திலி போலத்தான் இருந்தது.

"ஆயா, இங்கயும் எல்லாரும் நல்லாருக்கேன்னுதான் சொல்றாங்க" என்றாள்.

"அப்ப சீட்டு குலுக்கு. அவளுங்கள பாரிவாக்கத்துப் பொம்பளைங்களா இருக்க சொல்லு."

அவள் சிரித்தாள். சில நாள் கழித்துக் கூப்பிட்டபோது, கூட இருந்து மொழி சொல்லித் தருகிற அம்மாவுக்கு அந்த யோசனை பிடித்துப் போய்விட்டது என்றாள். இட்லி என்றால் என்ன என்று விளக்கவே ஒரு மத்தியானம் ஆகிவிட்டதாம். யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். அதை மட்டும் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள்.

சோதனை முடிவு வந்த அன்றைக்கு மாவுக்காரி, ஃபேக்டரியம்மா, நான் மூன்று பேரும் போனோம். கெட்டது எதுவும் இல்லை, அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்று டாக்டரம்மா சொன்னார். ஃபேக்டரியம்மா அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நோய் யாருக்கு என்று அந்த நர்ஸுக்குத் திரும்பவும் குழப்பம் வந்திருக்கும்.

மறுநாள் காலையில் நான் மாவு வாங்கப் போனேன். கடை முன்னால் கூட்டம். மாவுக்காரி உயரமான முக்காலியில் உட்கார்ந்து கரண்டியை ஆட்டிக்கொண்டு, முதலில் எப்படிப் பட்டது, கர்ப்பப்பைக்குள் எந்த இடத்தில் சதை இருந்தது, டாக்டரம்மா எந்தக் குழாயை எந்த வழியாக விட்டார் என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நடு நடுவே ஒருத்தி சந்தேகம் கேட்டாள். ஒருத்தி அந்த டாக்டரம்மா இருக்கிற இடத்துக்கு எந்த பஸ் என்று கேட்டாள்.

வரிசையின் முன்னால் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். வேலைக்குப் போகிற அவசரம். மாவுக்காரி அவனுக்கு நிறுத்துக் கட்டிய பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "உங்கம்மாக்கு எத்தினி வயசு தம்பி? நின்னு போச்சா? நின்னதுக்கு அப்பால எதுனா படுதான்னு கேட்டியா?" என்றாள்.

அவன் இரண்டு கையையும் நீட்டினான். "அக்கா, மாவு மட்டும் குடுங்கக்கா."